கிலோவுக்கு 15 ரூபாய் லாபம் கையில் நிற்குமா?

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. 19 வருடம் வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். செட்டில்மென்ட் பணம் 4 லட்சம் வந்திருக்கிறது. தாம்பரம் பக்கம் சொந்த வீடு. கீழே ரோட்டைப் பார்த்த போர்ஷனில் 9,000 ரூபாய் வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்கிறார்கள். அங்கே காய்கறி, பழக்கடை போடலாம் என்கிறார் கணவர். கோயம்பேட்டில் தக்காளி 20 ரூபாய், எங்கள் தெருக் கடையில் 35. கிலோவுக்கு 15 ரூபாய் லாபம், எல்லாக் காயும் சேர்த்து நாளைக்கு 200 கிலோ போனால் 3,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஏசி, கண்ணாடி ரேக் என்று 4 லட்சத்தையும் போட்டுவிட்டு, பற்றாததற்கு என் நகையை வைக்கலாம் என்கிறார். "நடுவில் இருக்கிறவனுக்கு எதற்குக் கொடுக்கவேண்டும், விவசாயியிடமே வாங்குங்கள்" என்கிறான் என் தம்பி. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எனக்கு மனது அடித்துக்கொண்டே இருக்கிறது. சரி என்று சொல்லட்டுமா, வேண்டாம் என்று சொல்லட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாம்பரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத் தொடவேண்டாம். கடையைப் பற்றிக் கேட்டால், போடலாம். ஆனால் கடிதத்தில் இருக்கிற கணக்கை நம்பிப் போடக்கூடாது. அந்தக் கணக்கில் ஒரு பத்தி விட்டுப்போயிருக்கிறது. அது கொட்டுகிற காய்.

என் அம்மா மதுரையில் வீட்டுத் திண்ணையில் காய்க்கடை வைத்து எங்களைப் படிக்கவைத்தார். ராத்திரி கடை கட்டும்போது அழுகல், வெம்பல், நசுங்கல் எல்லாம் ஒரு தகர வாளிக்குப் போகும். காலையில் பால்காரர் வந்து மாட்டுக்கு எடுத்துப் போவார். அம்மா கல்லாவை எண்ணுவதற்கு முன்னால் அந்த வாளியைத்தான் பார்ப்பார். வாளி பாதிக்குமேல் நிறைந்திருந்தால் அன்றைக்குக் கல்லாவில் எவ்வளவு இருந்தாலும் முகம் வாடிவிடும்.

உங்கள் தக்காளியையே எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு ஒரு பெட்டி 15 கிலோ, விலை 300 ரூபாய். உங்கள் கணவர் சொல்கிற 20 ரூபாய் இதுதான். தூக்குகூலிக்கு 10, குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) வாடகையில் இந்தப் பெட்டியின் பங்கு 20 என்று வைத்தால், உங்கள் வாசலில் இறங்கும்போது 330 ஆகிவிட்டது. பெட்டியைக் கவிழ்த்துப் பிரிக்கிறீர்கள். மேலே பளபளவென்று இருக்கும். அடியில் ஒரு கிலோவாவது நசுங்கியிருக்கும். மிச்சம் 14. முதல் நாள் நல்லதாகப் பொறுக்கி 8 கிலோ போகிறது, 35 ரூபாய் வீதம் 280. இரண்டாம் நாள் கொஞ்சம் கனிந்துவிடும். 30 ரூபாய்க்கு 4 கிலோ தள்ளினால் 120. மூன்றாம் நாள் 2 கிலோ இருக்கவேண்டும். தராசில் வைத்தால் ஒன்றரைதான் நிற்கும். இரண்டு பழம் அழுகியிருக்கும், மற்றதில் தண்ணீர் வற்றியிருக்கும். அதைப் பக்கத்து மெஸ்ஸுக்கு 16 ரூபாய் மேனிக்குக் கொடுத்தால் 24. ஆகமொத்தம் 424. போட்டது 330. நின்றது 94.

உங்கள் கணவர் கணக்குப்படி இந்தப் பெட்டியில் 225 ரூபாய் வந்திருக்கவேண்டும். வந்தது கிலோவுக்கு ஆறு ரூபாய் சொச்சம். இத்தனைக்கும் இதில் யாரும் ஏமாற்றவில்லை, யாரும் தப்பு செய்யவில்லை. தக்காளி தக்காளியாக இருந்தது, அவ்வளவுதான். அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனம் (CIPHET) 2015-ல் வெளியிட்ட ஆய்வில், அறுவடையிலிருந்து கடை வரைக்கும் தக்காளியில் 12.44 சதவீதமும் கொய்யாவில் 15.88 சதவீதமும் வீணாகிறது என்று கணக்கெடுத்தார்கள். நூறு கொய்யா பறித்தால் பதினாறு யார் வாய்க்கும் போவதில்லை.

அடுத்து அந்த 200 கிலோ. ஒரு வீட்டுக்கு நாளைக்கு ஒரு கிலோ காய் என்று தாராளமாகவே வைப்போம். அப்படியானால் 200 வீடுகள் தினமும் உங்கள் கடைக்கே வரவேண்டும். தெருவில் ஏற்கெனவே ஒரு கடை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தள்ளுவண்டி வரும், ஃபோனில் தட்டினால் வீட்டுக்கே கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். தொடங்கி ஆறு மாதத்துக்கு 80 கிலோ போனாலே நல்ல வியாபாரம் என்பேன். எல்லாக் காயிலும் சராசரியாக அதே ஆறு ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 480. இதில் நீங்கள் இழக்கிற 9,000 வாடகையைக் கழிக்கவேண்டும். சொந்த இடம், வாடகை மிச்சம் என்று தோன்றும். ஆனால் வந்துகொண்டிருந்த பணம் வராமல் போவதும் செலவுதான். அது நாளைக்கு 300. மீதி 180 ரூபாயில் கரண்ட், பை, கொசுறு எல்லாம் அடங்கவேண்டும்.

கொசுறு என்றதும் சிரிக்காதீர்கள். கறிவேப்பிலையும் ஒரு கொத்து மல்லியும் கையில் வைக்காவிட்டால் நம் ஊரில் வாடிக்கையாளர் மறுநாள் வரமாட்டார். மழைக் காலத்தில் மல்லிக்கட்டு விலை எகிறும்போதும் கொடுத்தாகவேண்டும். பிளாஸ்டிக் பை 2019 ஜனவரியிலிருந்து தடை, அதனால் பையும் மலிவில்லை. வீட்டு மின் இணைப்பில் கடை நடத்த முடியாது, வணிக இணைப்புக்கு மாற்றவேண்டும். வீட்டுக்குக் கிடைக்கிற இலவச யூனிட் அங்கே கிடையாது. ஏசி போடுவதாக இருந்தால் இதை நன்றாக யோசியுங்கள். வறண்ட ஏசிக் காற்று நேரே பட்டால் கீரை துவண்டுபோகும். அம்மா ஈரச் சாக்கும் மண்பானைத் தண்ணீரும் வைத்தே கீரையைச் சாயங்காலம் வரைக்கும் நிற்கவைத்தார்.

சோப்புக் கடைக்கும் காய்க்கடைக்கும் வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. சோப்பு இன்றைக்குப் போகாவிட்டால் அடுத்த மாதம் அதே விலைக்குப் போகும். கத்தரிக்காய்க்குக் காலை ஏழு மணிக்கு ஒரு விலை, சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னொரு விலை. மொத்த வியாபாரிக்கும் இதே நெருக்கடி. அதனால்தான் கோயம்பேட்டில் அதிகாலை 3 மணிக்குச் சொல்கிற விலையை வெயில் ஏறியதும் அவரே இறக்குகிறார். இந்த இறக்கத்தில் வாங்கத் தெரிந்தவர்களும் உண்டு, ஆனால் அப்போது நல்ல சரக்கு போயிருக்கும். எந்த நேரத்தில் எதை வாங்குவது என்பதை நின்று பார்த்துத்தான் கற்கமுடியும். உங்கள் கணவர் 19 வருடத்தில் கம்பெனி வேலையைக் கற்றார். இதற்கு 19 நாளாவது கொடுக்கவேண்டாமா?

விலை ஏறினால் கடைக்காரருக்குக் கொண்டாட்டம் என்று வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும். 2021 நவம்பர் மழையில் சென்னையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் அதையும் மிஞ்சியது, அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அப்போது கிலோ கிலோவாக வாங்கியவர்கள் கால் கிலோவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பெட்டி எடுக்கவே ஆயிரத்துக்குமேல் முடங்கியது, அடியில் நசுங்கும் அதே ஒரு கிலோவுக்கு இழப்பு பல மடங்கு. சில வாரத்தில் புது வரத்து வந்ததும் விலை படுத்தது. நாற்று நட்டு இரண்டு இரண்டரை மாதத்தில் தக்காளி காய்ப்புக்கு வரும். விலை ஏறுவதைப் பார்த்துக் கோலாரிலும் மதனப்பள்ளியிலும் ராயக்கோட்டையிலும் ஒரே நேரத்தில் எல்லோரும் நட்டால், ஒரே நேரத்தில் எல்லாம் வந்து இறங்கும். பிறகு பறிகூலிக்குக்கூட வராது என்று வயலிலேயே விட்டுவிடுகிறார்கள். ரோட்டோரம் கொட்டிக்கிடக்கிற தக்காளிப் படம் பேப்பரில் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, உங்கள் தம்பிக்கு வருகிறேன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில், நாம் தக்காளிக்குக் கொடுக்கிற ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது 33 பைசா, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தக்காளியில் மிச்சம் 67 பைசாவையும் ஒருவரே விழுங்குவதில்லை. பறிகூலி, பெட்டி, லாரி, இறக்குகூலி, மண்டிக் கமிஷன், சில்லறைக் கடை, அப்புறம் அந்தத் தகர வாளி. எல்லாம் அதற்குள்தான்.

என் சித்தப்பா ஒட்டன்சத்திரம் பக்கம் கத்தரி போட்டவர். ஒரு வருடம் எட்டு மூட்டை மண்டிக்கு அனுப்பினார். திரும்பி வந்த சீட்டில் லாரி வாடகை, கூலி, நூற்றுக்குப் பத்து கமிஷன் எல்லாம் கழித்து 140 ரூபாய் எழுதியிருந்தது. அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சித்திக்குக் காட்டாமலே இருந்தார். அவ்வளவு ஆன பிறகும் மறு வாரம் அதே மண்டிக்குத்தான் அனுப்பினார். விதைக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுத்தது அந்த மண்டிக்காரர்தான். எவ்வளவு காய் போனாலும் அன்றைக்கே எடுத்துக்கொள்கிறவரும் அவர்தான். இந்த இரண்டையும் வேறு யாராவது செய்தால்தான் விவசாயி அங்கிருந்து வெளியே வரமுடியும்.

உங்கள் கடைக்கு முப்பது வகைக் காய் வேண்டும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம். கத்தரி போடுகிறவரிடம் கத்தரிதான் இருக்கும், அதுவும் பறிக்கிற அன்றைக்கு மூட்டைக் கணக்கில். ஊட்டி கேரட்டையும் நாசிக் வெங்காயத்தையும் உள்ளூர் முருங்கையையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதே ஒரு வேலை, அதற்கு நீங்கள் கூலி கொடுத்துத்தான் ஆகவேண்டும். உழவர் சந்தையில் (1999-ல் மதுரையில் தொடங்கியது) அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயிதான் விற்கலாம், உங்களுக்கு அங்கே இடம் கிடைக்காது. தம்பி சொல்வதை ஒரே ஒரு பொருளில் செய்து பார்க்கலாம். கீரை. படப்பை, மணிமங்கலம் பக்கம் கீரை போடுகிறவர் யாராவது கிடைத்தால், தினமும் இத்தனை கட்டு, காலை ஆறு மணிக்குள், விலை மாதம் முழுவதும் ஒன்றே என்று பேசுங்கள். அவருக்கும் நிச்சயம், உங்களுக்கும் பசுமை.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். 4 லட்சத்தில் மூன்றை வங்கியில் போட்டுவிடுங்கள், மகளின் காலேஜ் ஃபீஸ் அதில் இருக்கிறது. 50,000 வீட்டுச் செலவுக்கு. மீதி 50,000-க்குள் கடை. ரேக்குக்கு மரப்பலகையும் பிளாஸ்டிக் பெட்டியும் போதும். தராசு முத்திரை போட்டதாக இருக்கட்டும், உணவுப் பாதுகாப்புப் பதிவையும் எடுத்துவிடுங்கள். கடை திறப்பதற்கு முன்னால் உங்கள் கணவர் இரண்டு மூன்று வாரம் தெரிந்த கடைக்காரர் யாருடனாவது கோயம்பேடு போய்வரட்டும். மூட்டை தூக்கச் சொன்னாலும் தூக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, அங்கிருந்து திரும்பி, ராத்திரி ஒன்பதுக்குக் கடை கட்டுகிற வாழ்க்கை உடம்புக்கு ஒத்துவருகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். 48 வயதில் அது சின்ன விஷயமில்லை.

முதலில் பன்னிரண்டு காய் போதும். வெங்காயம், உருளை, பூண்டு, சேனை, பூசணி போன்ற நாள் தாங்குகிற சரக்கில் லாபம் குறைவு, ஆனால் கடையைத் தாங்கிப் பிடிப்பது அவைதான். தக்காளி, பீன்ஸ், கீரையை அன்றாடத் தேவைக்குக் கொஞ்சம் குறைவாகவே வாங்குங்கள். சாயங்காலம் "தக்காளி தீர்ந்துபோச்சு" என்று சொல்வதில் வெட்கமில்லை. பழத்தை மூன்று மாதம் கழித்துத் தொடுங்கள், வாழைப்பழம் மட்டும் இப்போதே இருக்கட்டும். ஆனால் பழுத்த தாரைக் கீரைக்கும் வெள்ளரிக்கும் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள், அதிலிருந்து வருகிற வாயு அவற்றையும் மஞ்சளாக்கிவிடும். அமாவாசைக்கு முந்தின நாள் வாழைக்காய், புரட்டாசி முழுக்க எல்லாமே, ஆயுதபூஜைக்குச் சாம்பல் பூசணி. இந்தக் கணக்கு உங்களுக்கே தெரியும், அதில் உங்கள் கணவரைவிட நீங்கள்தான் கெட்டி.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தண்டலுக்குப் பணம் கொடுக்கிறவர் கடை திறந்த வாரமே வந்து நிற்பார். 10,000 என்று சொல்லி 9,000 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வாங்குவார். பார்க்க ஆயிரம் ரூபாய்தான் வட்டி. ஆனால் நீங்கள் தினமும் அடைத்துக்கொண்டே வருவதால் சராசரியாக உங்கள் கையில் இருப்பது 4,500 ரூபாய்தான். வருடக் கணக்கில் பார்த்தால் 80 சதவீத வட்டி. ஆறு ரூபாய் நிற்கிற வியாபாரம் அதைத் தாங்காது.

ஒரு நீள நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காய்க்கும் வாங்கிய எடை, விற்ற எடை, கொட்டிய எடை என்று மூன்று கட்டம். தினமும் ராத்திரி நீங்களே எழுதுங்கள், கணவரிடம் விடவேண்டாம். அசதியில் மூன்றாவது கட்டத்தை அவர் காலியாக விட்டுவிடுவார். மூன்று மாதம் எழுதியதும் அந்த நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஏசி வேண்டுமா, பழம் வைக்கலாமா, அல்லது போர்ஷனைத் திரும்பவும் வாடகைக்கே விட்டுவிடலாமா என்று சேர்ந்து பார்ப்போம்.