துளிர்த்த குச்சி ஏன் கருகுகிறது? குண்டுமல்லிக்கும் செம்பருத்திக்கும் ஒரு பதில்

கேள்வி: என் மாமியாரின் தரை வீட்டில் 20 வருடத்துக்கும் மேலாக ஒரு குண்டுமல்லியும் சிவப்புச் செம்பருத்தியும் மண்ணிலேயே நிற்கின்றன. ஜூலை கடைசியில் வீடு கைமாறுகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டிலும் சேர்த்து 14 குச்சி வெட்டி வந்து, கடையில் வாங்கிய உரக்கலவை மண்ணில் நட்டேன். ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் 4ஆம் மாடி வீட்டு வாசலில் வைத்தேன். மேற்குப் பார்த்த வாசல். காலையும் மாலையும் தண்ணீர், வாரம் ஒருமுறை இளநீர். பத்தே நாளில் துளிர் வந்தது. மூன்றாம் வாரம் 10 குச்சி வாடி, அடித்தண்டு கறுத்துவிட்டது. மற்ற 4 இன்னும் பச்சையாக இருக்கின்றன. வேர்விடும் பொடி போடாததுதான் காரணமா?

பதில்: பொடி காரணமில்லை அம்மா. செம்பருத்தி பொடி இல்லாமலே வேர் விடும். குண்டுமல்லிக்குப் பொடி உதவும், ஆனால் அது இல்லாததால் தண்டு கறுக்காது.

முதலில் அந்தத் துளிரைப் பற்றிச் சொல்கிறேன், பலரும் ஏமாறுவது அதில்தான். வெட்டிய குச்சிக்குள் கொஞ்சம் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, வேரே இல்லாமல் மொட்டு விரியும். இலை விரிந்ததும் அதிலிருந்து நீர் ஆவியாகப் போக ஆரம்பிக்கும். கீழே உறிஞ்சித் தர வேர் இல்லை. சேமிப்பு தீர்ந்ததும் குச்சி சாய்ந்துவிடும். அதனால் பத்தாம் நாள் துளிரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் குச்சிகளை வாட்டியது பாட்டில். குளிர்நாடுகளில் குச்சியை மூடி வைப்பது நல்ல வழி, அங்கே காற்று வறண்டிருக்கும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் வெயில் நேராக அடிக்கும் மேற்கு வாசலில், மூடிய பாட்டிலுக்குள் வெப்பம் வெளியை விட மிக அதிகமாக ஏறிவிடும். 2023 மே 13 அன்று இங்கே அங் மோ கியோ வட்டாரத்தில் நிழலில் அளந்தபோதே 37 டிகிரி. பாட்டிலுக்குள் குச்சி வெந்துபோகும்.

கறுத்த அடித்தண்டு அழுகல். உரக்கலவை மண் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்கு மேல் தினமும் இரண்டு வேளை தண்ணீர், போதாததற்கு இளநீர். இளநீரில் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் இருப்பது உண்மைதான், ஆனால் அதிலுள்ள சர்க்கரை பூஞ்சைக்குத்தான் நல்ல தீனி. வேர் வரும்வரை குச்சிக்கு உரமும் வேண்டாம், இளநீரும் வேண்டாம்.

இனி எப்படி வெட்டுவது என்று பார்ப்போம். காலை 8 மணிக்குள் வெட்டுங்கள், அப்போதுதான் தண்டில் நீர் நிறைந்திருக்கும். நுனிப்பச்சை வேண்டாம், அடிமரமும் வேண்டாம். வளைத்தால் வளைந்து, இன்னும் அழுத்தினால் 'டக்'கென்று ஒடிகிற நடுப்பகுதிதான் சரி. செம்பருத்தி பென்சில் பருமன், மல்லி அதைவிட மெல்லிசு. நீளம் 10 முதல் 15 சென்டிமீட்டர். கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுங்கள், வேர் பெரும்பாலும் கணுவை ஒட்டித்தான் கிளம்பும். கீழ் இலைகளையும் மொட்டு, பூ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மேலே இரண்டு இலை மட்டும் விடுங்கள். செம்பருத்தி இலை பெரிது, அதைப் பாதியாக நறுக்கிவிடலாம். ஈசூன் வந்து சேரும்வரை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டு வையுங்கள்.

நடுவதற்குப் பெர்லைட்டும் (நீர் தேங்கவிடாத லேசான வெள்ளைக் கல்துகள்) தேங்காய் நார்த்தூளும் சரிபாதி, அல்லது கழுவிய பருமணல். வேறொரு குச்சியால் முதலில் துளை போட்டு, வெட்டிய குச்சியை அதில் இரண்டு கணு உள்ளே போகும்படி இறக்கி, சுற்றிலும் அழுத்திவிடுங்கள். மேற்கு வாசல் வேண்டவே வேண்டாம். சமையலறைப் பக்கம் நல்ல வெளிச்சம் இருந்து நேர்வெயில் படாத இடம் இருந்தால் அதுவே போதும், இல்லாவிட்டால் பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை. விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், மேல்பக்கம் காயத் தொடங்கிய பிறகு மட்டும் தண்ணீர். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். குச்சியைத் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டு வேர்விட வைப்பதையும் நான் இங்கே சொல்வதில்லை. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து ஒரு வாரத்தில் பறக்கத் தயாராகிவிடும், டெங்கி உங்களோடு நிற்காது, பக்கத்து வீட்டுக்கும் போகும்.

செம்பருத்தி 4 முதல் 6 வாரத்தில் வேர் பிடிக்கும். மல்லிக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். இழுத்துப் பார்க்காதீர்கள். தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்த பிறகு மண் கலவைக்கு மாற்றி, ஒரு வாரம் காலை வெயில் மட்டும் காட்டுங்கள்.

இது மாமியார் வைத்த செடி என்பதால் குச்சியை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. மல்லியில் இந்த வாரமே பதியமும் போட்டுவிடுங்கள். தரையோரம் தாழ்ந்த கிளையைத் தாய்ச்செடியோடு இருக்கும்போதே வளைத்து, ஒரு கணுவின் அடியில் தோலை லேசாகச் சீவி, மண் நிரப்பிய சிறு தொட்டிக்குள் புதைத்து, மேலே கல் வைத்து அமுக்குங்கள். நுனி வெளியே நிற்கட்டும். தாய் ஊட்டிக்கொண்டே இருப்பதால் கிளை வாடாது. வேர் பிடிக்க 2 மாதமாவது ஆகும், உங்களிடம் 3 மாதம் இருக்கிறது. நாலைந்து கிளையில் போடுங்கள். குச்சிகளையும் ஒரே நாளில் வெட்டாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிலவாக வெட்டுங்கள்.

அப்புறம், பச்சையாக இருக்கும் அந்த 4 குச்சி. பாட்டிலை இன்றே எடுத்துவிட்டு, மெதுவாகத் தோண்டி அடியைப் பாருங்கள். கறுப்பு இருந்தால், உள்ளே வெளிர்பச்சை தெரியும் இடம்வரை நறுக்கி, இரண்டு கணுவாவது மிஞ்சினால் மணலில் மறுபடி நடலாம். அடியில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஏதாவது திரண்டிருந்தால் அதைத் துடைக்காதீர்கள், நறுக்கவும் வேண்டாம். அது வெட்டுக்காயம் ஆறிய தழும்புத் திசு. அந்தக் குச்சி பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது, அப்படியே மணலுக்கு மாற்றி நிழலில் வையுங்கள்.