யார் அந்த ‘நாங்கள்’?

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை ஐந்து வருடங்களாக வாசிக்கிறேன். இதுதான் முதல் கடிதம். எனக்கு 34 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். திருமணமாகி ஏழு வருடம். எங்களுக்குச் சில பிரச்சினைகள் இருந்ததால் சிகிச்சைக்குப் போனோம். மூன்று முறை ஐயூஐ (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்தோம், சரிவரவில்லை. நகையை அடகு வைத்து ஐவிஎஃப் (கருவை உடம்புக்கு வெளியே உருவாக்கி உள்ளே வைப்பது) போனோம். பதினோரு நாள் ஊசி போட்டுக்கொண்டோம். முதல் முறை கருவை வைத்தபோது பீட்டா (கர்ப்பத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் வந்தது, ஆனால் ஐந்தாவது வாரத்திலேயே கலைந்துவிட்டது. ஃப்ரீசரில் இருந்த இன்னொரு கருவை இந்த ஆவணியில் வைத்தோம். இப்போது ஏழாவது வாரம். போன செவ்வாய்க்கிழமை ஸ்கேனில் இதயத் துடிப்பைக் காட்டினார்கள். நான் அழுதுவிட்டேன்.

என் மனைவிதான் சிரிக்கவே இல்லை. பாத்ரூம் போய்விட்டு வரும்போதெல்லாம் அவள் முகம் இறுகிக் கிடக்கிறது. குழந்தையைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘அப்புறம் பேசலாம்’ என்கிறாள். இவ்வளவு கஷ்டப்பட்டு நாங்கள் கர்ப்பமாகியிருக்கிறோம், இந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க வேண்டாமா? அவள் மனதை மாற்ற ஏதாவது நல்ல புத்தகம் சொல்லுங்கள். சொந்தக்காரர்களிடம் இப்போதே சொல்லிவிடலாம் என்கிறார் அம்மா. சொல்லலாமா? இன்னொன்று, ஐவிஎஃப் குழந்தைகள் பலவீனமாக இருக்கும் என்று என் தாய்மாமா சொல்கிறார். உண்மையா?

ப.
ஈரோடு

அன்புள்ள ப.,

வாழ்த்துகள். உங்கள் மனைவிக்கும் தனியாக ஒரு வாழ்த்து, மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

மாமாவை முதலில் அனுப்பிவிடுவோம். ஐவிஎஃப் முறையில் பிறந்த முதல் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25, இங்கிலாந்தில் ஓல்ட்ஹாம். அந்தக் குழந்தை வளர்ந்து, எந்தச் சிகிச்சையும் இல்லாமல் உண்டாகி, இரண்டு பையன்களைப் பெற்றுவிட்டது. உலகம் முழுக்க இப்படிப் பிறந்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டியாயிற்று. மாமா அவர்களில் எத்தனை பேரோடு மல்லுக்கட்டிப் பார்த்தார் என்று கேளுங்கள். லூயிஸ் பிறந்து இரண்டு மாதம் கழித்து, அதே வருடம் அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் என்ற மருத்துவரின் உழைப்பில் இதே முறையில் துர்கா என்ற குழந்தை பிறந்தாள். அரசு அமைத்த குழு அதெல்லாம் பொய் என்றது. அவரைக் கண் மருத்துவ நிலையம் ஒன்றுக்குத் தூக்கியடித்தார்கள். 1981ல் தற்கொலை செய்துகொண்டார். மாமாக்கள் கமிட்டி போட்டு உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும்.

சொந்தக்காரர்களிடம் எப்போது சொல்வது? உங்கள் மனைவி சொல்லலாம் என்கிற அன்றைக்கு. அம்மா காத்திருக்கட்டும்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். நான் 31 வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவன். யார் கடிதம் எழுதினாலும் கையில் சிவப்புப் பேனா இருப்பது போலவே படிக்கிற கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. மேலே இருப்பது நான் சுருக்கியது. உங்கள் முழுக் கடிதத்தில் ‘ஓம்’ என்று முடிகிற வினைகளை எண்ணிப் பார்த்தேன். போனோம், செய்தோம், வைத்தோம், எடுத்தோம், போட்டுக்கொண்டோம். இருபத்து மூன்று. ஏதோ யாகசாலைக்குள் நுழைந்தது போல ஒரே ஓம் ஓம். ‘அவள்’ வருகிற இடங்கள் ஐந்தாறுதான். அத்தனையும் குறை சொல்கிற இடங்கள். முகம் இறுகிக் கிடப்பவள் அவள், பேச்சைத் தட்டிக்கழிப்பவள் அவள், மனதை மாற்றிக்கொள்ள வேண்டியவளும் அவள். ஊசி மட்டும் ‘போட்டுக்கொண்டோம்’!

ஐயா, பதினோரு நாள் ஊசி எத்தனை வயிற்றில் இறங்கியது? தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்தது யாருக்கு? ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து, முட்டைப்பை 14 மில்லிமீட்டரா 18 மில்லிமீட்டரா என்று அளக்கக் கால் விரித்துப் படுத்தது யார்? முட்டையை எடுக்க மயக்க மருந்து கொடுத்து ஊசியை உள்ளே விட்டார்களே, அன்றைக்கு நீங்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நான் தப்பு சொல்லவில்லை, அங்கே உட்காரத்தான் விடுவார்கள். ‘நகையை அடகு வைத்தோம்’ என்கிறீர்கள். அது உங்கள் கழுத்திலா கிடந்தது?

‘நாங்கள் கர்ப்பமாகியிருக்கிறோம்’ என்பது ஆங்கிலத்திலிருந்து இறங்கிய புது நாகரிகம். பங்கெடுக்கிற கணவன் என்று காட்டிக்கொள்ள வசதியான வாக்கியம். நம் பாட்டிகள் ‘முழுகாம இருக்கா’ என்பார்கள். ‘உண்டாகியிருக்கா’ என்பார்கள். ‘வாயும் வயிறுமா இருக்கா’ என்பார்கள். அது யாருடைய வாய், யாருடைய வயிறு என்பதில் அவர்களுக்கு ஒரு குழப்பமும் கிடையாது.

இவ்வளவு கோபம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். போன வாரம் முழுக்க நான் ஜீன் பர்டி என்ற பெண்ணைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. லூயிஸ் பிரவுன் என்றதும் அந்தச் சாதனையைச் செய்தவர்களாக விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ், டாக்டர் பேட்ரிக் ஸ்டெப்டோ என்று இரண்டு பேரைச் சொல்வார்கள். பர்டி 1968ல் எட்வர்ட்ஸிடம் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ். லூயிஸாக ஆகப்போகிற கரு கண்ணாடித் தட்டில் பிரிவதை உலகத்தில் முதலில் பார்த்தவர் அவர்தான். தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் போனபோது மொத்த ஆராய்ச்சியும் நின்றுபோயிற்று. பிற்பாடு ஓல்ட்ஹாமில் கல்வெட்டு வைக்கிற பேச்சு வந்தது. பர்டி பெயரையும் போடுங்கள், என் அளவுக்கு அவருக்கும் பங்கு உண்டு என்று எட்வர்ட்ஸ் கடிதம் எழுதிக் கேட்டார். போடவில்லை. 1985ல் பர்டி 39 வயதில் இறந்துபோனார். எட்வர்ட்ஸுக்கு 2010ல் நோபல் கிடைத்தது. மூன்று பெயரும் உள்ள கல்வெட்டு அந்தப் பக்கம் வந்தது 2015ல். அங்கே ‘நாங்கள்’ சுருங்கி ஒரு பெண் வெளியே விழுந்தாள். உங்கள் கடிதத்தில் ‘நாங்கள்’ உப்பி ஒரு பெண் உள்ளே காணாமல் போயிருக்கிறாள். எட்வர்ட்ஸாவது கடிதம் எழுதினார்.

இன்னொரு வாக்கியம் இருக்கிறது. ‘எங்களுக்குச் சில பிரச்சினைகள் இருந்ததால்.’ யாருக்கு என்று நான் கேட்கவில்லை, நீங்களும் பதில் எழுத வேண்டாம். ஆனால் அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் பல வருடம் குடியிருந்தவன் நான்.

1993. நாங்கள் (இது சரியான நாங்கள், இருவரும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம்) திருமங்கலத்தில் இருந்தோம். மதுரையில் ஒரு டாக்டர் என் மனைவிக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்து முடித்த பிறகு, போனால் போகிறது என்பது போல எனக்கும் ஒன்று எழுதிக்கொடுத்தார். லேபில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா தந்தார்கள். வீட்டிலேயே எடுத்து வரலாம், ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும், சூடு போகாமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். டப்பாவை பனியனுக்குள் விட்டு இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையை விலாவோடு ஒட்டவைத்து நிற்கிறேன். பழைய மாணவன் ஒருவன் எழுந்து, “உக்காருங்கய்யா, கையில என்ன, அடிபட்டிருச்சா?” என்றான். ஆமாம்பா, சுளுக்கு என்றேன். மதுரை வரும்வரை சுளுக்குக்கு என்னென்ன எண்ணெய் தேய்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தான், பாவம்.

ரிசல்ட்டில் விந்தணு மில்லிக்கு 30 லட்சம் என்று போட்டிருந்தது. எனக்கு ஒரே பெருமை. அந்தக் காலத்தில் 30 லட்சத்தை நான் எங்கே பார்த்தேன்? டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ரெண்டு கோடியாவது இருக்கணும் சார்” என்றார். ஒரே ஒரு விந்தணுவை எடுத்து நேராக முட்டைக்குள் செலுத்துகிற இக்ஸி முறையில் அதற்கு முந்தின வருடமே பிரஸ்ஸல்ஸில் குழந்தை பிறந்துவிட்டது. திருமங்கலத்துக்கு அந்தச் செய்தி வரவில்லை. வந்திருந்தாலும் என் சம்பளத்துக்கு அது செய்தியாகவே இருந்திருக்கும்.

அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அத்தைக்குத் தெரிய வேண்டாம்” என்றாள். ப., எண்ணிப் பார்த்தால் மூன்றே சொல். அதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. ஒப்புக்குக்கூட நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாளிலிருந்து எல்லோரிடமும், “எங்களுக்கு இன்னும் பாக்கியம் வரலை, டாக்டர் ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லைன்னுட்டார்” என்று சொல்ல ஆரம்பித்தேன். எங்களுக்கு. எவ்வளவு அடக்கமான சொல் பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு ஆள் முழுசாக ஒளிந்துகொள்ளலாம்.

‘ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லை’ என்றால் என் அம்மாவின் அகராதியில் மருமகளிடம் ஏதோ இருக்கிறது என்று பொருள். அடுத்த ஆடி வெள்ளிக்கு அவளை மண்சோறு சாப்பிட வைத்தார். ஈரப் புடவையோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் தரையில் போட்ட சோற்றைக் குனிந்து வாயால் எடுத்துச் சாப்பிட வேண்டும். சோறு சூடாக இருந்தது. இரண்டாவது வாய் எடுத்தபோது அவளுக்குப் புரையேறியது. நான் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றேன். நடுவில் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்தபோது அவள் மோவாயில் மண்ணும் ஒரு பருக்கையும் ஒட்டியிருந்தன. துடைத்துக்கொள்ளாமல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். 30 லட்சம் எழுதிய அந்தக் காகிதம் அப்போது வீட்டில் பஞ்சாங்கத்துக்குள் மடிந்து கிடந்தது.

அவளுக்கு இரண்டு முறை ஐயூஐ செய்தார்கள். நிற்கவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது இங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியும். அம்மா 2004ல் போனார், கடைசிவரை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. இங்கே எழுதுவதுதான் முதல் தடவை. எழுதலாமா என்று இந்த முறை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கேள்வி என்ன? ஆமாம், ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறாள். போன தடவை பாசிட்டிவ் என்று போன் வந்ததும் அவள் சிரித்திருப்பாள் இல்லையா? ஒரு வாரத்தில் அந்தச் சிரிப்புக்கு என்ன கிடைத்தது? இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாக வேண்டிய பீட்டா இறங்கிக்கொண்டே வந்ததை நீங்கள் பேப்பரில் பார்த்தீர்கள். அவள் பாத்ரூமில் பார்த்தாள். இப்போது உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, துணியில் ஏதாவது பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஒன்றுமில்லை என்றால் அடுத்த தடவை போகும்வரை நிம்மதி, அவ்வளவுதான். தளும்புகிற குடத்தைத் தலையில் வைத்து வரப்பில் நடக்கிறவளிடம் போய், பாட்டுப் பாடிக்கொண்டே வரக் கூடாதா என்று கேட்பீர்களா? இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டால் ஆபத்து நிறையவே குறைகிறது, அதை டாக்டரும் சொல்லியிருப்பார். அவளுக்கும் அது தெரியும். தெரிவது வேறு, அவள் உடம்பு நம்புவது வேறு. அது நம்பும்போது நம்பட்டும். நீங்கள் அழுதீர்கள் அல்லவா? அந்தச் சந்தோஷம் இப்போதைக்கு ஒரு ஆளுக்கே போதும், இருவருக்கும் சேர்த்து நீங்களே வைத்திருங்கள்.

புத்தகம் எதுவும் சொல்லப்போவதில்லை. ஏழாவது வாரத்தில் வாந்தியோடு இருப்பவளிடம் மனதை மாற்றுகிற புத்தகத்தை நீட்டினால் அது உங்கள் தலைக்குத்தான் திரும்பி வரும்.

உங்கள் கடிதத்தை என் மனைவியும் படித்தாள். என் ஓம் கணக்கைச் சொன்னபோது, “அந்தப் புள்ளையைப் போட்டு ரொம்பத் திட்டாதீங்க, நீங்க என்ன யோக்கியம்” என்றாள். பிறகு ஒரே கேள்வி கேட்டாள்: எண்ணெய் ஊசி இன்னும் போடுகிறார்களா? ஐயூஐ சமயத்தில் அவளுக்கும் புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோனை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். பிட்டத்தில் கோலிக்குண்டு மாதிரி கட்டிக்கொள்ளுமாம், ராத்திரி புரண்டு படுக்க முடியாதாம். ஒரு நாள் இடது பக்கம் என்றால் மறுநாள் வலது பக்கம் போடச் சொல்ல வேண்டுமாம். ஊசி போட்ட பிறகு, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். அதைத் தினமும் நீங்கள்தான் செய்ய வேண்டுமாம், அம்மாவிடம் விடக் கூடாதாம்.

ஒத்தடம் கொடுக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கவும் சொன்னாள்.