ஃபேஜ் சிகிச்சை: மருத்துவர்கள் மறைக்கிறார்களா?

ஐயா,

என் தந்தைக்குச் சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். சூடோமோனாஸ் கிருமி என்கிறார்கள். எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியவில்லை. கிருமியைத் தின்னும் வைரஸான ஃபேஜைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் நிரூபிக்கப்படாதது" என்று மருத்துவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஜார்ஜியாவில் பல்லாண்டுகளாகக் கொடுக்கிறார்களே! மருந்து நிறுவனங்களின் லாபத்துக்காக மறைக்கிறார்களா?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

ஒரு வரியில் முடித்தது சரியில்லை. ஆனால் அந்த வரி பொய்யும் இல்லை.

லாபக் கணக்கை முதலில் தள்ளிவைப்போம். பெனிசிலின் கடைக்கு வருவதற்கு முன்பே, 1934இல், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஈட்டன், பெய்ன்-ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஃபேஜ் சிகிச்சைக்கான சான்றுகளை அலசிப் பெரும்பாலும் போதாதவை என்று எழுதிவிட்டார்கள். நீங்கள் சொல்லும் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் 1923இல் தொடங்கிய எலியாவா என்ற ஃபேஜ் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்திருப்பது பெரும்பாலும் அனுபவம். அனுபவத்தை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குழுவுக்கு ஃபேஜும் இன்னொரு குழுவுக்கு வழக்கமான மருந்தும் கொடுத்துப் பார்க்கும் ஒப்பீட்டுச் சோதனை கேட்கும் மருத்துவருக்கு அது போதாது.

அப்படி ஒரு சோதனை நடந்தது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீக்காயப் புண்ணில் சூடோமோனாஸ் தொற்றியவர்களிடம் நடந்த அதற்கு ஃபேகோபர்ன் என்று பெயர். பன்னிரண்டு ஃபேஜ்களின் கலவை. சேர்ந்தவர்கள் 27 பேர்தான். சேமிப்பில் இருந்தபோதே ஃபேஜ்கள் செத்துப்போய், திட்டமிட்டதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் புண்ணுக்குப் போனது. வழக்கமான வெள்ளிக் களிம்பே கிருமியை வேகமாகக் குறைத்தது. ஃபேஜ் தோற்றதா, தயாரிப்பு தோற்றதா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு மருத்துவர் எப்படித் துணிந்து மருந்துச் சீட்டு எழுதுவார்? மேலும், ஒருவரின் கிருமியைக் கொல்லும் ஃபேஜ் பக்கத்துப் படுக்கைக்காரரின் கிருமியைத் தொடாமலே போகலாம். ஒவ்வொரு முறையும் ஆய்வகத்தில் பொருத்தம் பார்க்க வேண்டும். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் இருக்கிறது.

பெல்ஜியம் இதற்கு வழி செய்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மருந்தாளுநர் அந்த நோயாளிக்கென்றே கலந்து கொடுக்கலாம் என்று 2018இல் ஏற்பாடு வந்தது. பிரஸ்ஸல்ஸ் ராணுவ மருத்துவமனைக் குழு ஒருங்கிணைத்த 100 நோயாளிகளின் விவரம் 2024இல் வெளியானது: ஏறத்தாழ 77 சதவீதத்தினருக்கு முன்னேற்றம், 61 சதவீதத்தில் கிருமி ஒழிந்தது. கூடவே ஆன்டிபயாடிக் கொடுக்காத இடங்களில் கிருமி ஒழிவது வெகுவாகக் குறைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதால் இதையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

மருத்துவர்களிடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வேறு. எல்லாம் கைவிட்ட பிறகுதான் ஃபேஜை நினைக்கிறார்கள். சாகக் கிடப்பவரிடம் முயன்றுவிட்டு, பலனில்லை என்றால் அதையே சான்றாகக் காட்டுவது நியாயமில்லை.

உங்கள் தந்தைக்கு: புண்ணிலிருந்து எடுத்த கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்த கல்ச்சர் அறிக்கையைக் கையில் வாங்குங்கள். வளர்த்தெடுத்த கிருமியை ஆய்வகத்தில் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஃபேஜ் பொருத்தம் பார்க்க அதுதான் வேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி, எலும்பு வரை தொற்று போயிருக்கிறதா என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தம் போகாத காலில் எந்த ஃபேஜும் புண்ணை ஆற்றாது.