லிப்ட் இறங்கும்போது வயிறு ஏன் மேலே வருகிறது?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறோம். லிப்ட் இறங்கத் தொடங்கினாலே என் எட்டு வயது மகன் "அம்மா, வயிறு மேல வருது" என்று என்னைக் கட்டிப்பிடிப்பான். போன மாதம் ஒரு கடைத்தொகுதியில் நான், கண்முன்னே பொய்யுலகம் காட்டுகிற வீ.ஆர். கண்ணாடி போட்டு, மலை உச்சியிலிருந்து குதிக்கிற விளையாட்டு விளையாடினேன். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஆனாலும் அடிவயிறு பகீர் என்றது. விழாமலே ஏன் அப்படி? இது ஏதும் வருத்தமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: வருத்தம் ஒன்றுமில்லை, தங்கச்சி. உங்கள் மகன் சொன்ன வசனம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவன் உள்ளதைத்தான் சொல்கிறான்.

நாம் நிற்கும்போது குடல் தன் நிறையால் கீழ்நோக்கித் தொங்குகிறது. ஒரு மெல்லிய சவ்வு அதை வயிற்றின் பின்சுவரோடு பிடித்துவைத்திருக்கிறது. பிறந்த நாளிலிருந்து இருக்கிற இழுவை என்பதால் நமக்கு அது தெரிவதில்லை. லிப்டின் தரை சட்டென்று கீழே நழுவும்போது இந்த இழுவை தளர்கிறது. தொங்கிய குடலும் இரைப்பையும் ஒரு துளி மேலே எழும்புகின்றன. அங்குள்ள நரம்புகள் அந்த மாற்றத்தை உடனே மூளைக்குச் சொல்கின்றன. மகனின் "மேல வருது" அதுதான்.

விழும்போது பூமி நம்மைக் கூடுதலாக இழுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பூமியின் இழுப்பு எப்போதும்போல்தான் இருக்கிறது. இல்லாமல் போவது தரையின் தாங்கல். 1907இல் பேர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனுக்கு, விழுகிற மனிதனுக்குத் தன் நிறை தெரியாது என்ற எண்ணம் தோன்றியது. ஈர்ப்பை விளக்கும் அவருடைய பொதுச் சார்புக் கொள்கை அங்கிருந்துதான் வளர்ந்தது. முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்த எனக்கு இன்றைக்கும் இதைச் சொல்லும்போது மனம் நிறையும்.

ஆனால் சொன்னால் மட்டும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதனால் தெஹிவளையில் மகள் வீட்டு லிப்டுக்குள் ஒரு முள்ளுத் தராசைக் கொண்டுபோய், பேரப்பிள்ளைகள் பார்க்க ஏறி நின்றேன். முள் 62 கிலோவில் நின்றது. லிப்ட் கீழே புறப்பட்ட கணத்தில் 57 பக்கம் சரிந்தது. இரண்டு மூச்சு விடுவதற்குள் திரும்ப 62. கீழ்த்தளத்தில் நிற்கப் போகும்போது 66 வரை ஏறியது. அந்த இரண்டு மூச்சு நேரம்தான் வயிறும் கூசியது. அதாவது வேகம் அல்ல, ஆர்முடுகல், அதாவது வேகம் மாறுவதுதான் வயிற்றுக்குத் தெரிகிறது. வேகம் சீரானதும் கூச்சம் நின்றுவிடும். தாமரைக் கோபுரத்து லிப்டிலும் புறப்படும்போதும் நிற்கும்போதும் கவனித்துப் பாருங்கள். இடையில் காது அடைப்பது காற்றழுத்தத்தால். அது வேறு கதை.

சித்திரை வருடப் பிறப்புக்கு ஊரில் கட்டுகிற ஊஞ்சல் இதைவிட வலுவானது. கயிறு நேர்க்குத்திலிருந்து 60 பாகை எழும்பினால், அந்த உச்சியில் பலகை தாங்குவது நம் நிறையில் பாதியைத்தான். திரும்பி இறங்கத் தொடங்கும் அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் கத்துவோம்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். வயிறு மட்டும் செய்தி அனுப்புவதில்லை. உட்காதில், கூழ் போன்ற ஒரு படலத்தின் மேல் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் இருக்கின்றன. தாங்கல் குறைந்தால் அவை கீழேயுள்ள நுண்மயிர்களை அழுத்துவதும் மாறும். "விழுகிறோம்" என்ற தகவல் அங்கிருந்தும் போகும். மூளை உடனே அபாயமணி அடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, குடலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. அந்த "பகீர்" இங்கிருந்து வருவது.

கண்ணாடி போட்டு நின்ற உங்களுக்குக் குடலும் அசையவில்லை, உட்காதும் ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் "தரை ஓடி வருகிறது" என்றது. மூளை பெரும்பாலும் கண்ணின் பேச்சைத்தான் முதலில் கேட்கும். கண் சொன்னதே அபாயமணி அடிக்கப் போதும். கண் ஒன்றைச் சொல்ல, காது வேறொன்றைச் சொல்வதால்தான் அந்த விளையாட்டில் சிலருக்குப் பிறகு வயிறு பிரட்டுகிறது. எனவே மகனுக்கு நடந்தது குடலில் தொடங்கியது. உங்களுக்கு நடந்தது கண்ணில் தொடங்கியது.

இதை நீங்களே சோதிக்கலாம். அடுத்த முறை அந்தக் கண்ணாடிக்குள் கண்ணை இறுக மூடுங்கள். விழுகிற உணர்வு அடங்கிவிடும், படபடப்பு அடங்க மட்டும் கொஞ்ச நேரம் எடுக்கும். லிப்டில் மகன் கண்ணை மூடினாலோ வயிறு அப்படியே மேலே வரும்.

அப்புறம், பிள்ளைக்கு ஒரு சின்ன வழி. லிப்டின் பொத்தானை அவனையே அழுத்த விடுங்கள். எந்த நேரம் புறப்படும் என்று தெரிந்தால் பயம் பாதியாகும். புறப்படும்போது வயிற்றை எக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், தசை இறுகினால் பலருக்குக் கூச்சம் குறைகிறது. வீட்டில் முள்ளுத் தராசு இருந்தால் ஒன்பதாம் மாடியிலிருந்து அவனை அதில் ஏற்றி இறக்குங்கள். முள் எங்கே போனது என்று அவன் கையாலேயே எனக்கு எழுதட்டும்.