பல் துலக்க மறுக்கும் தாயார் குறித்து

வணக்கம் சகோதரி. மறதிநோய் உள்ள தங்கள் தாயார் பல் துலக்க விடாமல், சோற்றையும் தள்ளிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். ஈறுநோயைக் கவனிக்காததால்தான் மறதி வந்ததோ என்றும் வருந்தியிருந்தீர்கள். தயவுசெய்து அந்தக் குற்றவுணர்வு வேண்டாம். மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் உள்ளவர்களின் மூளையில் ஈறுநோய்க் கிருமியின் தடயங்கள் இருந்ததாக 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது உண்மைதான்; ஆனால் அக்கிருமியின் நொதிகளைத் தடுக்கும் மருந்து, 2021-இல் முடிவுகள் வெளியான பரிசோதனையில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆகவே ஈறுநோய்தான் மறதிக்குக் காரணம் என்று உறுதியாகவில்லை.

வலியைச் சொல்லத் தெரியாதவர்கள் பல நேரம் உணவைத்தான் மறுப்பார்கள் என்பதால், கன்னத்தை மெல்ல விலக்கிக் கடைவாய்ப் பற்களையும், பல்செட் இருந்தால் கழற்றி அதனடியில் புண் உள்ளதா என்பதையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். எதுவும் தென்படாவிட்டாலும் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். துலக்கும்போது பிரஷை அவர் கையிலேயே கொடுத்து, அக்கையின்மேல் உங்கள் கையை வைத்து நடத்துங்கள். காலையில் மறுத்தால் வற்புறுத்தாமல் மாலையில் முயலுங்கள்.