வாசகர் கேள்வி – பதில்: பேனை மேசையில், கோடு திரையில்

கேள்வி: 15 ஆண்டுகளாகப் பென்சிலாலும் நீர்வர்ணத்தாலும் படம் கீறி வருகிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா, கணினியோடு இணைத்துப் பேனையால் கீறும் பலகையான திரையில்லாத கிராபிக்ஸ் டப்லட் ஒன்றை அனுப்பி மூன்று கிழமைகள் ஆகின்றன. கையைப் பார்த்தால் கோடு தெரிவதில்லை. திரையைப் பார்த்தால் கோடு நடுங்குகிறது. வட்டம் போட்டால் முட்டையாக வருகிறது. திரையுள்ளதை வாங்கினால்தான் சரிவரும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கொக்குவில்

பதில்: முதலில் அந்த முட்டையைப் பார்ப்போம், ஏனெனில் அது உங்கள் கையின் பிழையாக இராது என்றே நினைக்கிறேன். டப்லட்டின் பரப்பு முழுவதும் திரையின் பரப்பு முழுவதோடும் புள்ளிக்குப் புள்ளி பொருத்தப்பட்டிருக்கும். பேனையை இடது மேல் மூலையில் வைத்தால் சுட்டியும் திரையின் இடது மேல் மூலைக்கே போகும். உங்கள் டப்லட் 10 அங்குல அகலமும் 6.25 அங்குல உயரமும் கொண்டது என்றும், மடிக்கணினியின் திரை 1920க்கு 1080 படப்புள்ளிகள் (பிக்சல்) என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது ஓர் அங்குலக் கையசைவு அகலவாட்டில் 192 படப்புள்ளிகளாகவும் உயரவாட்டில் ஏறத்தாழ 173 படப்புள்ளிகளாகவும் மாறுவதால், கை சரியான வட்டம் போட்டாலும் திரையில் அது ஒன்பதில் ஒரு பங்கு அகன்றே தோன்றும். டப்லட்டோடு வந்த மென்பொருளைத் திறந்து, திரையின் விகிதத்தைப் பேணும் தெரிவை இயக்குங்கள். கீழே அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான இடம் பயன்படாமற் போகும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். டப்லட் மேசையில் சரிந்து கிடந்தால் கிடைக்கோடும் சரிந்தே வரும் என்பதால், அதன் மேல் விளிம்பு திரைக்குச் சமாந்தரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நடுக்கம் வேறு விடயம். தைப்பொங்கலன்று முற்றத்தில் கோலம் போடும் அம்மம்மாவை நினைத்துப் பாருங்கள்: மா விழும் விரலை அவர் பார்ப்பதில்லை, அடுத்த புள்ளியையே பார்ப்பார். டப்லட்டில் கீறுவதற்கும் அதே பார்வைதான் வேண்டும். வெற்றுப் பக்கம் ஒன்றில் ஐந்துக்கு ஐந்தாகப் புள்ளிகள் வைத்து, பேனையைத் தொடங்கும் புள்ளியின் மேல் தொடாமல் பிடித்துச் சுட்டி நிற்கும் இடத்தைக் கண்டுகொண்டு, பார்வையைச் சேரவேண்டிய புள்ளியில் நிறுத்தி, ஒரே இழுப்பில் கோட்டை முடியுங்கள். தவறினால் திருத்தாமல் அடுத்ததைக் கீறுங்கள். நாள்தோறும் கால் மணி நேரம் இதைச் செய்தபின் வழக்கமான படத்துக்குப் போவது, கிழமைக்கு ஒருநாள் மூன்று மணி நேரம் போராடுவதைவிடப் பலன் தரும். நீண்ட கோடுகளை மணிக்கட்டால் இழுக்காமல் முழங்கையும் தோளும் அசையக் கீறுங்கள். கதிரை தாழ்வாக இருந்தால் தோள் அசையாது.

கிரிட்டா போன்ற படம் கீறும் மென்பொருள்களில் கோட்டை நேர்த்தியாக்கும் வசதி உண்டு. அதைச் சிறிதளவு வைத்திருங்கள்; கூட்டினால் கோடு கைக்குப் பின்னால் இழுபட்டு வரும், உங்கள் கை எதைச் செய்தது என்பதே உங்களுக்குத் தெரியாமற் போய்விடும்.

மேற்பரப்பு வழுக்குகிறது என்றால் மெல்லிய தாள் ஒற்றை ஒன்றை அதன்மேல் ஒட்டிக் கீறலாம், பேனையை டப்லட் தாளினூடாகவும் உணரும். ஆனால் பேனையின் முனை விரைவில் தேயும். நம் ஊர் வெயிலில் வியர்த்து ஒட்டும் கைக்கு, சிறுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் கையுறை உதவும்.

திரையுள்ள டப்லட்டை இப்போது வாங்க வேண்டாம். அதில் கையும் கோடும் ஒரே இடத்தில் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மணிக்கணக்காகக் கழுத்தைக் குனிந்திருக்க வேண்டிவரும், விலையும் பல மடங்கு. 15 ஆண்டுகள் பழகிய உங்கள் கண் எங்கும் போய்விடவில்லை. இரண்டு மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிப்பில் வருகிறது. பேனை பழுதா?
– மாணவன், பருத்தித்துறை

பதில்: பேனையைக் குறைசொல்லுமுன், மென்பொருளில் நீங்கள் தெரிவுசெய்த தூரிகை அழுத்தத்துக்கு ஏற்பத் தடிப்பை மாற்றுவதுதானா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால், முன்பு பயன்படுத்திய வேறு டப்லட்டின் மென்பொருள் கணினியில் இருந்தால் அதை அகற்றிக் கணினியை மறுபடி இயக்குங்கள். விண்டோஸ் கணினியில் கிரிட்டாவின் டப்லட் அமைப்பில், பேனையின் அழுத்தத்தைக் கணினி பெறும் வழிகளாக விண்டேப், விண்டோஸ் இங்க் என இரண்டு தெரிவுகள் இருக்கும். ஒன்றில் அழுத்தம் வராவிட்டால் மற்றதற்கு மாற்றி, அங்கேயே உள்ள சோதனைப் பகுதியில் மெதுவாகவும் அழுத்தியும் கீறிப் பாருங்கள்.