தேரை விழுந்ததா, கஞ்சி நீர்த்துவிட்டதா?

கேள்வி: டாக்டர், என் மகளுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. பிறந்தபோது 2.8 கிலோ. ஆறாம் மாதம் 6.2 கிலோ இருந்தாள், இப்போதும் 6.4 கிலோதான். தாய்ப்பாலோடு ராகிக் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் பாட்டிலில் கொடுக்கிறேன். 'தேரை விழுந்துதான் பிள்ளை தேறவில்லை, உன் பாலிலும் சத்தில்லை' என்று கயிறு கட்டச் சொல்கிறார் மாமியார். டானிக் எழுதித் தருவீர்களா?
- ஒரு தாய், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அம்மா, உங்கள் பாலில் ஒரு குறையும் இல்லை. ஆறு மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்கைத் தாண்டியது அந்தப் பாலால்தான். இரண்டு வயதுவரை நிறுத்தாதீர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பால் மட்டும் போதாது, அவ்வளவுதான்.

ஆனால் நான்கு மாதத்தில் 200 கிராம் என்பது என்னைக் கவலைப்பட வைக்கிறது. இந்த வயதுப் பெண் குழந்தை அதற்குள் ஒரு கிலோவாவது ஏறியிருக்க வேண்டும். எடை நின்றால் அடுத்து உயரம் நிற்கும்; அதுவரை காத்திருக்கக் கூடாது.

மஞ்சக்குப்பத்தில் என்னிடம் வரும் தாய்மார்களிடம், குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சியை அப்படியே கொண்டுவரச் சொல்வேன். சென்ற மாதம் ஒருவர் கொண்டுவந்ததை டம்ளரில் ஊற்றினேன். அடியில் பொறித்திருந்த பெயரைப் படிக்க முடிந்தது. பாட்டில் ரப்பரில் அடைக்காமல் இருக்க நீர்க்கக் கரைத்திருக்கிறார். ஒரு தேக்கரண்டி ராகி மாவில் 20 கலோரிகூட இல்லை. உங்கள் மகளுக்குத் தாய்ப்பால் போக, உணவிலிருந்து மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 300 கலோரி வேண்டும். அந்தச் சின்ன வயிறு தண்ணீரால் நிறைந்துவிடுகிறது, பசியும் அடங்கிவிடுகிறது.

பாட்டிலை இன்றே எடுத்துவிடுங்கள். கிண்ணத்தில் பிசைந்து, கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத பதத்தில் ஊட்டுங்கள். பருப்பின் தண்ணீரை நீங்கள் குடியுங்கள், பருப்பை அவளுக்குக் கொடுங்கள். குழைந்த சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தால் 40 கலோரி கூடும். கடலோரத்தில் இருக்கிறீர்கள், கிழங்கான் மீனை அவித்து முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டுப் பிசையுங்கள். முட்டையும் தரலாம். அங்கன்வாடிச் சத்துமாவையும் கெட்டியாகக் கிண்டுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, அவசரப்படுத்தாமல்.

டானிக் எழுத மாட்டேன். பசியைத் தூண்டுவதாகச் சொல்லி விற்கும் மருந்துகள்மேல் எனக்குக் கோபமே உண்டு. காரணம் தெரியாமலே மாதங்கள் ஓடிவிடும்.

உணவு ஒரு காரணம்தான். பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா? இதயத்தைப் பார்க்க வேண்டும். அடிக்கடி காய்ச்சல் என்றால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு சோதனைகளும் தேவைப்படலாம். ஆகவே இந்த வாரமே கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். மேல்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, பாதங்கள் வீங்கினாலோ, சோர்ந்து பால் மறுத்தாலோ அன்றைக்கே போங்கள்.

மாமியார் கட்டச் சொல்லும் கயிற்றைக் கட்டுங்கள். அதில் எனக்குச் சண்டையில்லை. அவரையே ஒரு வேளை ஊட்டச் சொல்லுங்கள். 15 நாள் கழித்து அதே தராசில், உடுப்பில்லாமல் எடை பார்த்து எனக்கு எழுதுங்கள்.